அல்ஹம்தை அறுத்த விளக்கு

எங்கள் சீதி ஸர்ஹான் துறையில் மத்தி பிடிக்கப் போகிறவர்களிடம் கைக்கடிகாரம் உண்டு. ஆனால் அதைப் பார்த்து விளக்கை எண்ணுகிறவர் யாருமில்லை. இருட்டில் ஒரு கை சுக்கானில் இருக்கும், ஒரு கை கயிற்றில் இருக்கும், மூன்றாவது கை எவனுக்கும் கிடையாது. வாய்தான் சும்மா இருக்கிறது. அதனால் வாய் எண்ணும். கிழக்கே செம்முனை விளக்கு ஒருமுறை மின்னி அடுத்து மின்னுவதற்குள், நிறுத்தி ஓதினால் குர்ஆனின் குட்டி அத்தியாயமான குல்ஹுவல்லா சூரா முடிந்துவிடும். மேற்கே கடலுக்குள் பதினோரு மைல் தள்ளி நிற்கும் ஆந்தைப் பாறை விளக்குக்கு அதைவிட நீளமான அல்ஹம்து சூரா. துறையில் எந்தப் பையனும் தொழப் பழகும் முன்பே இந்த இரண்டையும் படகில் படித்துவிடுவான்.

இரண்டு விளக்குக்கும் நடுவில் தண்ணீருக்கு அரை முழம் கீழே 'பற்கள்' என்கிற கூர்ப்பாறைகள் கிடக்கின்றன. செம்முனையைக் கண்டால் தெற்கே திரும்ப வேண்டும். ஆந்தையைக் கண்டால் திரும்பக் கூடாது. துனிசியாவின் வடகரையில் படகு ஓட்ட இதற்குமேல் படிப்பு வேண்டியதில்லை.

ஆந்தைப் பாறையில் கோபுரம் கட்டி நூற்றிருபது வருடமாகிறது. பாறையில் மண் கிடையாது. காவலர் கமேஸின் மனைவி மன்னூபியா மூட்டை மூட்டையாகக் கரையிலிருந்து மண் வரவழைத்து உடைந்த தொட்டிகளில் கொத்தமல்லியும் மிளகாயும் வைத்திருந்தாள். மழைத் தண்ணீர் தொட்டியில் சேரும். நாலு கோழி, ஓர் ஆடு. வேனிலில் பாறை இடுக்குகளில் பூனைப்புடுக்குச் செடியின் மொட்டு பறித்து உப்பில் போடுவாள். கமேஸ் கணவாயும் சாக்குக்கணவாயும் குத்திக் காயவைப்பார். வசந்தகாலம் முழுக்கப் பொந்துகளிலிருந்து கடற்பறவைகள் பச்சைக் குழந்தை வீறிடுவதுபோலக் கத்தும். புதிதாக வந்தவர்கள் தூங்க மாட்டார்கள். பதினான்கு வருடமாக இருக்கிற இவர்களுக்கு அவை கத்தாவிட்டால்தான் விழிப்பு வரும்.

கமேஸ் விளக்குக் காவலர். ஓய்வு பெற ஏழு மாதம் பாக்கி. குடியிருப்பு, ரேஷன், பிறகு ஓய்வூதியம் எல்லாம் அந்த ஏழு மாதத்தின் மறுமுனையில் இருந்தன.

1988 மார்ச்சில் தலைநகரத்து அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து புது மோட்டார் பொருத்தினார்கள். கோபுரத்தின் உச்சியில் ஆள் உயரக் கண்ணாடிக் கூண்டு பாதரசத் தொட்டியில் மிதக்கிறது. நாலு முகம் கொண்ட கூண்டு. அது ஒரு சுற்றுச் சுற்றினால் கடலில் நாலு மின்னல். இத்தனை காலம் அதைச் சுழற்றியது கோபுரத்தின் நடுவே கயிற்றில் தொங்கிய இரும்பு எடை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் சுற்றி மேலேற்ற வேண்டும். வந்தவர்கள் எடையை அறுத்து இறக்கிப் படகில் ஏற்றினார்கள். மோட்டாரைப் பெல்ட்டால் கூண்டோடு இணைத்து, பெட்டிக்கும் பெல்ட் மூடிக்கும் ஈய முத்திரை வைத்தார்கள். இனி ஒரு ஆள் போதும் என்று சொல்லி உதவிக் காவலரையும் அதே படகில் கூட்டிப்போனார்கள். படகில் ஏறும்போது அவர் அழவில்லை. பாறையைத் திரும்பிப் பார்க்காமல் சந்தோஷமாகப் போனார்.

அன்று மாலை மஃரிப் தொழுகையில் நின்ற மன்னூபியாதான் முதலில் கண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒளி போயிற்று. அல்ஹம்து தொடங்கினாள். ஐந்தாம் வசனம் வாயில் இருக்கும்போதே அடுத்த ஒளி போய்விட்டது. தான்தான் மெதுவாக ஓதுகிறோமென்று அடுத்த ரக்அத்தில் வேகம் கூட்டினாள். மறுபடி அதே ஐந்தாம் வசனம்.

"துஜா வாப்பா," என்றாள் கமேஸிடம், மகள் பேரைச் சொல்லி, பாயைச் சுருட்டிக்கொண்டே. "உங்க விளக்குக்கு என்ன அவசரம்? பாதி சூராவுல அறுத்துட்டு ஓடுது."

கமேஸ் ஏறிப்போய்க் கடிகாரம் வைத்துப் பார்த்தார். பதினைந்து நொடி இருக்க வேண்டிய இடத்தில் பத்து நொடி. அது செம்முனையின் கணக்கு.

காலையில் வயர்லெஸ்ஸில் சொன்னார். மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"உத்தரவுல பத்துன்னுதான் இருக்கு, கமேஸ்."

"விளக்குப் புத்தகத்துல பதினஞ்சுய்யா. எங்க அப்பன் காலத்துலேருந்து பதினஞ்சு."

"புத்தகம் பழசு. அடுத்த அச்சுல மாத்துவாங்க. புது இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட உத்தரவு இருக்கு. நீ என்ன இன்ஜினியரா?"

"இல்லைங்க. ஆனா செம்முனையும் பத்து, நாங்களும் பத்துன்னா படகுக்காரன் எதைப் பார்த்து..."

"முத்திரையைத் தொடாதே. ஓவர்."

மூன்றாம் நாள் மதியம் மகள் துஜாவின் புருஷன் திஜானி படகோடு வந்து பாறைக்குக் கீழே நின்றான். அவன் தண்டல், ஏழு பேர் போகும் மத்திப் படகுக்குத் தலைவன். பச்சை வண்ணம் ஒரு பக்கம் முழுதும் உரிந்து வெள்ளைப் பலகை தெரிந்தது. ஏறி வந்தவன் ஸலாம் சொல்லவில்லை.

"மாமா, விளக்கு வச்சிருக்கீங்களா, வேட்டு வச்சிருக்கீங்களா?"

"உக்காருப்பா மொதல்ல."

"உக்காருறதுக்கு வரல. முந்தாநாள் மேக்கால வலை போட்டுட்டுத் திரும்புறோம். மப்பு. ஒத்தை விளக்குதான் தெரியுது. குல்ஹுவல்லா ஓதுறேன், சரியா வருது. செம்முனைன்னு நெனச்சுத் தெக்கே திருப்புறேன். என் தம்பி முன்னால நின்னு மூத்திரம் பேஞ்சிட்டிருந்தவன் கத்துறான், 'அண்ணே, தண்ணி வெள்ளையா இருக்கு, தண்ணி வெள்ளையா இருக்கு'ன்னு. பற்கள் மேல நுரை. அவனுக்கு அந்த நேரத்துல மூத்திரம் வரலேன்னா உங்க மக இன்னிக்கு வெள்ளை கட்டியிருப்பா."

மன்னூபியா வறுத்த வாற்கோதுமை மாவைப் பச்சை எண்ணெயில் குழைத்துக் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"சாப்பிடு. கோவத்துக்கும் வயிறுதான் அடுப்பு."

"மாமி, துறையில என்ன பேசுறாங்க தெரியுமா? 'ஆந்தைக்கு வயசாயிருச்சு, அல்ஹம்து மறந்துபோச்சு'ங்கிறான். சிரிக்கிறான். ரெண்டு படகு தொழிலுக்குப் போகல. மிச்ச பதினாலும் போகாம என்ன செய்யும்? மத்தி காத்திருக்குமா?"

"ஆபீஸுல சொல்லிட்டேன்," என்றார் கமேஸ்.

"ஆபீஸு பற்கள்ல இல்லையே மாமா. நாங்கல்ல இருக்கோம்." கிண்ணத்தை இரண்டே வாயில் காலிபண்ணிவிட்டு எழுந்தான். "ஒண்ணு சொல்றேன். இதுக்கு அணைச்சே போட்டுருங்க. விளக்கே இல்லேன்னா எங்களுக்குத் தெரியும், கரை தெரியலேன்னு. விளக்கு பொய் சொன்னா அதுக்கு நாங்க எங்க போக?"

அவன் இறங்கிப் போனபிறகு புருஷனும் பெண்டாட்டியும் மேலே மோட்டாருக்கு முன்னால் நின்றார்கள். கமேஸுக்கு அந்த இயந்திரம் புரியாமல் இல்லை. வேகத்தைக் குறைக்க அதில் வழியில்லை. பற்சக்கரத்தை மாற்ற வேண்டும், அது தலைநகரத்தில் இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றினால் கூண்டு நிற்கும். நின்ற கூண்டைக் கையால் தள்ளலாம். பாதரசத்தில் மிதப்பதால் சின்னப் பிள்ளைகூட ஒரு விரலால் தள்ளிவிடும். விடியும்வரை ஒரே சீராகத் தள்ளுவதுதான் பாடு.

"முத்திரை உடைச்சா வேலை போகும்," என்றார். "வேலை போனா வீடு போகும். ஏழு மாசம், மன்னூபியா. ஏழே மாசம்."

"தெரியும்."

"வாடகைக்கு வீடு பார்க்கணும். உங்கண்ணன் வாசல்ல போய் நிக்கணும்."

"எங்கண்ணன் வாசல்ல நிப்பேன். மக வாசல்ல அவ புருஷன் உசுருக்குப் பதில் சொல்லிக்கிட்டு நிக்க மாட்டேன்."

"நான் ஒரு தடவைகூட உத்தரவை மீறினதில்லை."

"அதுக்குத்தான் நான் இருக்கேன்."

கணவாய் அரியும் கத்தி அவள் இடுப்பில் இருந்தது. ஈய முத்திரையின் கம்பியில் வைத்து ஒரே இழுப்பு. 'டிக்' என்று சின்னச் சத்தம். கமேஸ் குனிந்து முத்திரையைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெல்ட்டைக் கழற்றினார்.

உடைந்த துடுப்புக் கட்டையொன்றைக் கூண்டின் சட்டத்தில் கைப்பிடியாகக் கட்டினார்கள். விளக்கறைச் சுவரில் நாலு திசைக்கும் நாலு கந்தல் துணியை ஒட்டினாள் மன்னூபியா. ஒரு துணியிலிருந்து அடுத்த துணி வரும்வரை ஓர் அல்ஹம்து. நாலு அல்ஹம்து, ஒரு சுற்று, ஒரு நிமிடம். முதல் பாதி இரவு அவருக்கு, அடுத்த பாதி அவளுக்கு. எண்ணெய் விளக்கின் காலத்திலிருந்தே அந்த அறையில் காற்று கனமாகத்தான் இருக்கும். கண்ணாடிக்குள் எரியும் பெரிய பல்பின் சூட்டில் முதுகு வேகும். கதவிடுக்கில் வரும் கடல்காற்றில் கணுக்கால் விறைக்கும். மூன்றாம் இரவு அவள் கையில் கொப்புளம் உடைந்தது. பழந்துணியில் ஆலிவ் எண்ணெய் நனைத்துக் கட்டிக்கொண்டாள். ஐந்தாம் இரவு கமேஸ் நடந்துகொண்டே தூங்கி நெற்றியை இரும்பில் இடித்துக்கொண்டார்.

"ஓதும்போது தூங்கினா அல்லா மன்னிப்பான்," என்றாள், மஞ்சளை வைத்து அழுத்தி. "திஜானி மன்னிக்க மாட்டான்."

பகலில் இருவரும் மாறிமாறிப் பிணம்போலத் தூங்கினார்கள். கோழி முட்டைகள் இட்ட இடத்திலேயே கிடந்தன. ஆடு கொத்தமல்லித் தொட்டியில் வாயை வைத்தது, விரட்ட ஆளில்லை. துறையில் மட்டும் முதல் நாளே தெரிந்துவிட்டது. 'ஆந்தைக்கு ஞாபகம் வந்திருச்சு' என்றார்கள். வீட்டில் உட்கார்ந்த இரண்டு படகும் தொழிலுக்குப் போயின. யார் போய்ச் சொன்னதோ, அலுவலகத்துக்கும் தெரிந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் மதியம் ரேஷன் படகில் ஆய்வாளர் வந்தார். பெயர் மொன்ஸெஃப். நாற்பது வயது, மெலிந்த ஆள், கடல் ஒத்துக்கொள்ளாத முகம். தோல்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார். நேராக மேலே போய்ப் பெல்ட்டைப் பார்த்தார், துடுப்புக் கட்டையைப் பார்த்தார், கந்தல் துணிகளைப் பார்த்தார். கீழே வந்து அடுக்களை மேசையில் உட்கார்ந்தார். மன்னூபியா உலர்ந்த கணவாய் போட்டுக் காரமாகச் சமைத்த வாற்கோதுமைக் குஸ்குஸ்ஸை வைத்தாள்.

"நான் சாப்பிட வரலம்மா."

"இந்த வீட்டுக்கு யாரும் சாப்பிட வந்ததில்ல. எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போயிருக்காங்க."

அவர் கரண்டியை எடுத்தார். பாதியில் கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாயால்.

"கமேஸ், உங்க பேர்ல இருபத்தொன்பது வருசத்துல ஒரு கரும்புள்ளி இல்ல. அதனால நானே ஒரு தாள் எழுதிட்டு வந்திருக்கேன். 'வயது காரணமாக, தவறான எண்ணத்தில் முத்திரையை உடைத்தேன், வருந்துகிறேன்.' கையெழுத்துப் போடுங்க. மோட்டாரை மாட்டி மறுபடி முத்திரை வச்சிட்டுப் போறேன். ஏழு மாசம் ஓடிரும். இல்லேன்னா நாளைக்கு இதே படகுல சாமானோட நீங்களும் ஏறணும்."

கமேஸ் மனைவியைப் பார்க்கவில்லை. "மாட்டின ராத்திரியே எவனாவது பற்கள்ல ஏறினா?"

"விளக்கு உத்தரவுப்படி எரியுதுன்னு பதிவு இருக்கும். உங்க தப்பு இல்ல."

"உத்தரவுப்படி செத்தான்னு அவன் பொஞ்சாதிகிட்ட யாரு போய்ச் சொல்றது, ஐயா? நீங்களா?"

"நான் உத்தரவைக் கொண்டு வர்றவன். எழுதுறவன் இல்ல."

"அந்த உத்தரவைக் காட்டுங்க," என்றாள் மன்னூபியா.

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"என் வீட்டைக் காலி பண்ண வைக்கிற தாளு. மூஞ்சியாவது பார்க்குறேன்."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அச்சடித்த படிவம். விளக்கின் பெயர், உயரம், நிறம் எல்லாம் பிரெஞ்சில் தட்டச்சு. அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. 'கால அளவு' என்ற கட்டத்தில் மட்டும் யாரோ கையால், கறுப்பு மையில் நிரப்பியிருந்தார்கள். ஒரு கோடு, பக்கத்தில் ஒரு வட்டம்.

அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பிறகு உள்ளறைக்குப் போய், அக்கா ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த குர்ஆனைத் துணி பிரித்து எடுத்துவந்தாள். கை கழுவிவிட்டு முதல் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தாள்.

"இது பத்துன்னு யாரு சொன்னா?"

"யாரும்மா சொல்லணும்? ஒண்ணு, சைபர். பத்து."

"இதை எழுதின இன்ஜினியர் எங்க படிச்சாரு?"

மொன்ஸெஃப் யோசித்தார். "பஸ்ராவுல. ஈராக்குல. போன வருசம்தான் வந்தாரு. ஏன்?"

"இங்க பாருங்க." அல்ஹம்துவின் வசனங்களுக்கு நடுவே பூப்போன்ற சிறு வளையங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கிழக்கத்தி அரபு எண், துனிசியாவில் யாரும் கணக்குக்குப் போடாதது. அவள் விரல் எண்ணிக்கொண்டே போய் ஐந்தாவதில் நின்றது. வளையத்துக்குள் இன்னொரு குட்டி வளையம். "அந்தப் பக்கத்து ஆளுங்க அஞ்சை இப்படித்தான் போடுவாங்க. வட்டமா. சைபருக்கு வெறும் புள்ளி. உங்க இன்ஜினியர் பதினஞ்சுன்னு ஒழுங்காத்தான் எழுதியிருக்காரு. நீங்க இங்க உக்காந்துக்கிட்டுப் பத்துன்னு படிச்சிருக்கீங்க."

கமேஸ் எழுந்துவந்து பார்த்தார். மொன்ஸெஃப் தாளையும் குர்ஆனையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் கழுத்தில் மெல்ல ரத்தம் ஏறியது.

"இந்த எழுத்து எனக்கும் தெரியும்," என்றார் கடைசியில். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பார்க்குறேன். ஆபீஸ் தாள்ல இருக்கும்னு தோணல."

"குர்ஆனைத் திறக்கையில ஒரு கண்ணு, ஆபீஸைத் திறக்கையில வேற கண்ணு."

"மன்னூபியா!" என்றார் கமேஸ்.

"ஏன், பொய்யா?"

மொன்ஸெஃப் தாளை மடித்தார். "நான் எடுத்துட்டுப் போய்க் காட்டுறேன். திருத்தின உத்தரவு வரும், புது பற்சக்கரம் வரும். ஆனா அதுவரைக்கும் இருக்குற உத்தரவை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. மோட்டார் ஓடணும். இன்னிக்கு ராத்திரியிலேருந்து."

"ஓடாது," என்றாள்.

"ஓடாதுங்க," என்றார் கமேஸும். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து உடைந்த ஈயத்தை எடுத்து மேசையில் வைத்தார். "தாளைக் குடுங்க, எழுதித் தர்றேன். வயசும் இல்ல, தவறான எண்ணமும் இல்ல. முத்திரையை உடைச்சோம். மாட்டினா மறுபடி உடைப்போம்."

"'உடைச்சோம்'னே போடுங்க," என்றாள் மன்னூபியா. "வெட்டினது நான். என் பேரு விட்டுப்போகக் கூடாது."

வெளியே மேல்காற்று எடுத்திருந்தது. படகுக்காரன் படியேறி வந்து, இந்தக் காற்றை மத்திப் படகுதான் தாங்கும், தன் சின்னப் படகு தாங்காது, விடிந்துதான் போகணும் என்றான். மொன்ஸெஃப் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்திக்கு மத்திப் படகுகள் பதினாறும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையைத் தாண்டி மேற்கே போவது அடுக்களை ஜன்னலில் தெரிந்தது. கடைசியில் போனது ஒரு பக்கம் உரிந்த பச்சைப் படகு. மன்னூபியா அதைச் சுட்டிக்காட்டினாள். அவர் பார்த்தார். மோட்டாரைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

இரவு ஒரு மணிக்கு மாற்று முறைக்கு மன்னூபியா மேலே போகும்போது, தூங்காமல் படியில் உட்கார்ந்திருந்தார் மொன்ஸெஃப். பறவைகள் கத்திக்கொண்டிருந்தன.

"இது என்ன குழந்தையா, பேயா?"

"உங்க ஆபீஸ்ல வந்து சொன்னா ரெண்டுல எதுன்னு எழுதுவீங்க?" அவள் தன் கைக்கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். துணி தோலோடு ஒட்டியிருந்தது. "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் தள்ளுங்களேன். துணிக்குத் துணி ஓர் அல்ஹம்து. தெரியும்ல?"

"அல்ஹம்து தெரியாத முஸ்லிம் இருக்கானா?"

போய்த் தள்ளினார். மூன்று மணிவரை தள்ளினார்.

விடியலில் காற்று விழுந்தது. படகுகள் திரும்பின. பாறையடிக்கு வந்ததும் திஜானி இயந்திரத்தைத் தணித்தான். படகு மத்தியின் கனத்தில் தாழ்ந்து மிதந்தது.

"மாமா! ராத்திரி ரெண்டு மணிக்கு எவன் அல்ஹம்தை இழுத்தது? ஜும்ஆ தொழுகை மாதிரி ராகம் போட்டு இழுத்தான்! நான் ஓதி முடிச்சு, ஆமீன் சொல்லி, கொட்டாவியும் விட்டுட்டேன், விளக்கு வரல!"

பாறைமேல் கமேஸ் பக்கத்தில் நின்ற ஆய்வாளரைப் பார்த்தார். பிறகு கையைக் குவித்துக் கத்தினார்: "ஆபீஸுலேருந்து வந்த ஐயா!"

கீழே ஏழு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அப்ப சரி!" என்று பதில் வந்தது. "அவங்க எதைத்தான் நேரத்துக்குச் செஞ்சிருக்காங்க!"

சிரிப்புச் சத்தத்தோடு படகு தள்ளிப் போயிற்று. மொன்ஸெஃப் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டிலும் கொப்புளம். கமேஸ் எழுதிக்கொடுத்த தாள் அவர் பையில் இருந்தது. இரண்டு பெயரும் இருந்தன. அதைக் கிழிக்கப்போவதாக அவர் சொல்லவில்லை, இவர்கள் கேட்கவுமில்லை. பையைத் திறந்து புது ஈயமும் கம்பியும் குறடும் எடுத்துக்கொண்டு கோபுரத்தில் ஏறினார். மன்னூபியா பின்னாலேயே போனாள். கத்தி இடுப்பில் இருந்தது.

அவர் பெல்ட்டை எடுத்தார். கூண்டில் மாட்டவில்லை. சுருட்டி மோட்டார் பெட்டிக்குள் வைத்து மூடினார். மூடியில் கம்பி கோத்து, ஈயத்தை வைத்துக் குறடால் நெரித்தார். இனி யார் வந்தாலும் அந்த முத்திரையை உடைக்காமல் மோட்டாரைக் கூண்டில் மாட்ட முடியாது.

"திருத்தின சக்கரம் வர்ற வரைக்கும் இப்படியே இருக்கணும். வேற எவன் வந்து மாட்டச் சொன்னாலும் முத்திரையைக் காட்டுங்க." குறடைத் துடைத்துப் பையில் போட்டார். பிறகு, ஆய்வாளர் குரலைத் தேடிப் பிடித்து, "இதையும் உடைச்சீங்கன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது," என்றார்.

மன்னூபியா ஈயத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அவர் கைச்சூடு இன்னும் அதில் இருந்தது.

"ஒழுங்கா வச்ச முத்திரையை நான் ஏன் உடைக்கப் போறேன்?" என்றாள்.